வெள்ளிக்கிழமைக் கேள்வி

நம்புங்கள் மக்காள், இது நான் கட்டிய கதை இல்லை. சனிக்கிழமைகளில் உங்களுக்குச் சொல்லும் கதைகளில் கொஞ்சம் உப்பும் புளியும் கூட்டுவேன்தான். ஒரு ஜின் வந்தால் மூன்றாக்கிவிடுவேன். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. பயந்த பிள்ளைகள் பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ராத்திரி நடந்ததும் இல்லை. நல்ல வெயில். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். அந்த நேரத்தில் எங்கள் ஊர்த் தெருவைப் பார்த்திருக்கிறீர்களா? கடையெல்லாம் பூட்டு. ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளிவாசலில், தொழுகையில். ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்காது. பேய்க்கு ராத்திரி எதற்கு?

கல்முனைப் பக்கம் ஒரு நூலகம். பெயர் வேண்டாம். அங்கே வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்கலாம். நெல்லுக்கு என்ன பூச்சி, எந்த ஒப்பீசில் என்ன பத்திரம், பிள்ளைக்குப் பரீட்சைக்கு எது வாசிப்பது... எல்லாம் வரும். உசாத்துணைப் பகுதியில் இருக்கும் றுஸ்தா, புத்தகம் புரட்டியும் கணினியில் தேடியும் பதில் எழுதுவாள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் குரலில் கேட்பார்கள். அவர்களுக்குக் குரலிலேயே பதில் போக வேண்டும். அந்தக் குரல் என்னுடையது.

"மாமி, ஒங்கட குரலுக்கு மருதமுனையில விசிறிகள் இரிக்காங்க" என்பாள் றுஸ்தா.

"விசிறி வேணாம் புள்ள. மேல சுத்துற பேனைக் கொஞ்சம் கூட்டிவிடு" என்பேன்.

அந்தச் சேவையைத் தொடங்கியது மர்ஷூதா என்ற பிள்ளை. நான் அவளைக் கண்டதில்லை. நான் அங்கே போவதற்கு ஒரு வருடம் முதலே அவள் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். மேல் மாடி அறையில் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் பண்ணிக்கொண்டு இருந்தாளாம். கரண்ட் போனால் கணினிக்கு மின்சாரம் தரும் பற்றரி புகையத் தொடங்கியிருக்கிறது. கதவு பூட்டு. ஜன்னலில் கம்பி. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம்.

பொறுப்பாளர் ஸஜாத் சேர் அறிக்கை எழுதினார். 'உள்ளே பூட்டிக்கொண்டு பூட்டின் திறப்பைத் தவறவிட்டார். அவரது கவனக்குறைவே காரணம்.'

அவளுடைய உம்மா நதீரா மருதமுனையில் தறி நெய்கிறவ. மாதம் ஒரு தரம் பஸ் ஏறி வந்து சேரின் கதவடியில் நிற்பா.

"அந்த ஒரு வரிய மட்டும் மாத்துங்க சேர். என்ட புள்ள பூட்டின அறைக்குள்ள இரிக்க மாட்டா. சின்ன வயசில இருந்தே பயம்."

"எழுதினது எழுதினதுதான் உம்மா. வீட்ட போங்க."

அவ அழமாட்டா. அடுத்த மாதமும் வருவா.

வெள்ளிக்கிழமைகளில் றுஸ்தா பிள்ளைக்குச் சோறு கொடுக்க வீட்டுக்கு ஓடுவாள். அந்த ஒரு மணித்தியாலம் நான் மட்டும். நோன்புப் பெருநாள் கழிந்த முதல் வெள்ளி. பள்ளியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியிருந்தது. நூலகப் போனில் ஒரு குரல் வந்தது.

"சேர் இரிக்காரா?"

பெண் குரல். தொண்டை கட்டிய குரல். பிறகு இருமல்.

"சேர் பள்ளிக்குப் போயிட்டார் மகள். என்ன தேவை, சொல்லுங்க" என்றேன்.

பதில் இல்லை.

அடுத்த வெள்ளியும் வந்தது. அதே கேள்வி. அதற்கடுத்த வெள்ளியும். இருமல் மட்டும் கூடிக்கொண்டு போனது. பாவம், வருத்தக்காரப் பிள்ளை போல என்று நினைத்தேன். கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னேன்.

றுஸ்தாவிடம் சொன்னபோது போனைத் தட்டிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை ஒண்டும் வரல்லயே மாமி. ஒரு கண் அசந்திருப்பீங்க."

"நான் கொத்தமல்லி வைத்தியமே சொன்னனே."

"கனவிலயும் வைத்தியம்தானா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்தக் கடைசி வெள்ளி.

ஸஜாத் சேருக்குக் காலில் சுளுக்கு. கட்டுப் போட்டிருந்தார். ஜும்ஆவுக்குப் போகவில்லை. நூலகச் சேவையைப் பற்றிக் கற்றுக்கொள்ள அடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஆசிரியர்கள் வரப்போகிறார்கள். அதற்கு ஏதோ தயாரித்துக்கொண்டு தன் அறைக்குள் இருந்தார். என் கதிரையிலிருந்து பார்த்தால் அந்தக் கதவு தெரியும். பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் கதவடி.

"நபீஸா மாமி, ஆரும் கேட்டா நான் இல்லையெண்டு சொல்லுங்க" என்று கதவைச் சாத்தினார்.

12.35. குத்பா சத்தம் காற்றில் வந்தது.

போன் மினுங்கியது.

"சேர் இரிக்காரா?"

இருமல். நீண்ட இருமல். மூச்சு எடுக்கவே கஷ்டப்படும் இருமல்...

எனக்கு மனம் கேட்கவில்லை மக்காள். எத்தனை வெள்ளி இந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது? ஜும்ஆ நேரத்தில் ஒரு பொய்யும் சொல்ல வேண்டுமா?

"ஓம் மகள். இண்டைக்கு இரிக்கார். உள்ளுக்குத்தான்" என்றேன்.

உடனே பதில் வந்தது. இத்தனை நாளில் முதல் தரம்.

"நல்லம்."

இருமல் இல்லை. தெளிவான குரல்.

 

"எங்க மகள் இரிக்கீங்க?"

"மேல."

மேல் மாடியில் ஒரேயொரு அறை. பற்றரி புகைந்த நாளிலிருந்து சங்கிலி போட்டுப் பூட்டிய அறை.

"இறங்கி வாறன்."

பேன் நின்றது. கரண்ட் போகவில்லை. கணினி வேலை செய்தது. லைட்டும் எரிந்தது. பேன் மட்டும்...

டக்.

மாடிப்படியில்.

டக்... டக்...

கிறுகித் திரும்பிப் பார்த்தேன். படி வெறுமையாகக் கிடந்தது. சத்தம் மட்டும் ஒவ்வொரு படியாக இறங்கியது.

ரப்பர் எரிகிற மணம்.

காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓத வாய் திறந்தேன். அறுபது வருடமாக ஓதுகிற ஆயத்து. முதல் சொல் வரவில்லை.

என்னைத் தாண்டியது.

சூடு. அடுப்படிச் சூடு.

நிற்கவில்லை.

சேரின் கதவடியில்தான் நின்றது.

பிறகு...

ஒன்றுமில்லை.

ஒரு சத்தமும் இல்லை. சேர் இருமவில்லை. கதிரை அசையவில்லை. எழும்பப் பார்த்தேன். கால் என் கால் இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெருவில் ஆட்களின் சத்தம் கேட்டது. தொழுகை முடிந்து நூலகச் சிற்றூழியர் பர்ஹான் தொப்பியோடு உள்ளே வந்தான். பேன் தானாகச் சுழன்றது.

"என்ன மாமி, முகம் வெளுத்திரிக்கி?"

நான் கதவைக் காட்டினேன்.

அவன் விரலால்தான் தள்ளினான். திறந்தது. பூட்டே இல்லை. கொஞ்சம் திறந்து, பிறகு எதிலோ முட்டி நின்றது.

சேர் கதவுக்குப் பின்னால் கிடந்தார். விரல் நகமெல்லாம் பிய்ந்து ரத்தம். கதவின் உட்பக்கம் முழுக்கக் கீறல்.

பூட்டாத கதவு, மக்காள். கைபிடியைத் திருப்பினால் திறக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அஸர் தொழுகைக்கு முதல் மௌத்து. நெஞ்சு முழுக்கப் புகை என்றார் டொக்டர். "நெருப்பு எங்க பிடிச்ச?" என்று பர்ஹானிடம் கேட்டாராம். அந்த அறையில் ஒரு கடதாசிகூடக் கருகவில்லை.

அன்று பின்னேரம் நூலகப் போனில் ஒரு குரல் கிடப்பதை றுஸ்தா கண்டாள். சேரின் நம்பரிலிருந்து, 12.41க்கு வந்தது. அந்த நேரம் போன் என் கையில்தான். நான் எதையும் காணவில்லை.

கதவில் அடிக்கிற சத்தம். இருமல். நடுவில் சேர்.

"திற மகள்... நான்தான் வெளியால பூட்டினன்... புது ஸ்கேன் மெஷின் களவு போயிடுமெண்டு... நீ உள்ள இருந்த, தெரியும்... ஜும்ஆ முடிய வந்து திறக்கலாமெண்டு... திறப்பு என்ட சட்டைச் சேப்புக்குள்ளதான் இருந்திச்சு... நீ நூலகத்துக்கு அனுப்பின மெசேஜையும் நான்தான் அழிச்சன்... திற..."

றுஸ்தா அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரிகளிடம் போனாள். அந்த வரி மாறியது. இப்போது அறிக்கையில் மர்ஷூதாவின் பேரில் குற்றமில்லை.

வெள்ளிக்கிழமைக் கேள்விகளையும் தேடினோம். என் பதில்களையும் தேடினோம். நூலகப் போனில் ஒன்றுமே இல்லை. கனவுதான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

பத்து நாள் போயிருக்கும். நதீரா என் வீட்டுக்கு வந்தா. மகளின் போன் பழுது என்று சொல்லித்தான் சேர் அவவின் கையில் கொடுத்தாராம். ஒரு வருடத்துக்கு மேலாக அலுமாரிக்குள் கிடந்தது. அந்தக் கிழமைதான் கல்முனைக் கடையில் கொடுத்துத் திறந்திருக்கிறா.

"கேளுங்க" என்றா.

முதலில் பிள்ளையின் குரல். நூலக நம்பருக்கு அனுப்பியது. "சேர் இரிக்காரா?" இருமல். "கதவத் திறக்கச் சொல்லுங்க..."

அதற்குக் கீழே நூலகத்திலிருந்து போன பதில்.

"ஓம் மகள். இண்டைக்கு இரிக்கார். உள்ளுக்குத்தான்."

என் குரல்.

திகதியைப் பார்த்தேன். மர்ஷூதா மௌத்தான அதே வெள்ளி. நான் அந்த நூலகப் படியை மிதிக்க ஒரு வருடம் முந்தி.

நதீரா என்னையே பார்த்துக்கொண்டு இருந்தா. கோபமில்லை. மெல்லத்தான் கேட்டா.

"நீங்க அண்டைக்கு அங்க இருந்திரிக்கீங்க ராத்தா. பதிலும் சொல்லியிரிக்கீங்க. ஏன் போய்த் திறக்கல்ல?"