ஜீப்பில் என் பாட்டு

காலையில் கோம்பை பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று, பாட்டு அலற வந்து நின்றது.

என் பாட்டு. மலை வளைவில் ஒரு ஜீப் கவிழ்ந்த பிறகு, இப்படி ஆளை அடைத்து ஏற்றாதே என்று நான் எழுதி, மெட்டுப் போட்டு, ஊர் ஊராகத் தொண்டை வறளப் பாடிய பாட்டு.

உள்ளே ஏற்கெனவே மடிமேல் மடியாக உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் இரண்டு பெண்கள் தூக்குவாளியோடு ஓடி வந்து ஏறினார்கள். பின்னாலேயே வேறொரு ஜீப் பாதி காலியாக நின்றது.

பொறுக்காமல் டிரைவரிடம் போனேன். "தம்பி, இது நான் எழுதுன பாட்டுப்பா."

இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்கதேனா! இதப் போட்டதுல இருந்து எல்லாரும் நம்ம வண்டிக்குத்தேன் வாராக."

"ஆள அடைக்காதன்னுல்ல பாடியிருக்கேன்?"

"தெரியும்ணே. எறங்கச் சொன்னா எறங்க மாட்டேங்கிறாக."

உள்ளேயிருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்தார். "எங்க பாட்டத்தேன் பாடியிருக்கீக. அந்த வண்டியில இது இல்ல. கொஞ்சம் நெருக்கி உக்காந்தா கேட்டுக்கிட்டே போயிரலாம்ல?"



டிரைவர் முன் சீட்டைத் தட்டினார். "ஏறுங்கண்ணே. உங்களுக்கு இல்லாத எடமா?"

நான் ஏறவில்லை. ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி மலைப் பக்கம் கிளம்பியது. கடைசிச் சரணத்தை எல்லோரும் சேர்ந்து பாடியது கொஞ்ச தூரம் கேட்டது. சுருதி சுத்தம்.

அடுத்து எதைப் பற்றி எழுதலாம், சொல்லுங்கள். கூட்டம் சேராத பாட்டாக இருந்தால் புண்ணியமாய்ப் போகும்.