பெரியப்பாவின் நாழி

இறந்தவர் மேல் ஒரு குற்றத்தைச் சொல்லுகிறவர் தாம் அறிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது; மறுத்துரைக்க அவர் வரப்போவதில்லை. ஆகையால் நான் கண்டதையும், பின்னாளில் என் அக்காளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன். என் குற்றத்துக்குச் சான்று தேட வேண்டியதில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாய் இருந்த சில ஆண்டுகளுள் ஒன்றில் இது நடந்தது. எனக்குப் பத்து வயது. நாங்கள் கரமனையில் குடியிருந்தோம். என் பெரியப்பா கல்லாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளருக்கு அரிசி அளந்து கொடுக்கும் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவர். மனைவி மக்கள் இல்லாதவர். அவர் இறந்தபின் அவருடைய பெட்டியும் அரிசி அளக்கும் ஒரு வெண்கல நாழியும் எங்கள் வீட்டுக்கு வந்தன. அக்காளின் திருமணத்தில் நிறைநாழி வைக்க அந்த நாழியையே எடுக்க வேண்டும் என்பது அவர் சம்பந்தக்காரர்களிடமும் சொல்லிவைத்திருந்த விருப்பம். நெல்லைக் குவித்து விளக்கின் அருகே வைக்கும் நாழி, மணமகள் புகும் வீட்டில் குறைவு வராது என்பதற்கு அடையாளம். அதன் வெளிப்புறத்தை நாள்தோறும் புளியிட்டுத் துலக்கி, முகம் பார்க்கும்படி ஆக்கியிருந்தேன்.

திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, பெரியப்பாவின் தம்பி வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். கணவன் ஆசுபத்திரியில் கிடப்பதாகவும், கஞ்சிக்கு அரிசி வேண்டும் என்றும் சொன்னாள். இரண்டு நாழி அளந்து போடும்படி அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். வீட்டு நாழி மரத்தாலானது, விளிம்பு தேய்ந்தது. பெருமைக்காக நான் வெண்கல நாழியை எடுத்துச் சென்றேன். முதல் நாழி அரிசியை முந்தானையில் வாங்கியதும் அவள் சிரித்தாள்.

“இது எங்க ஸ்டோர் நாழியில்லா? கல்யாணப் பொண்ணு கணக்கா மினுக்கி வச்சிருக்கீக. ஆனா இதுல ரெண்டு அளந்தா ரெண்டு ஆவாது, தாயி.”

நாழியை வாங்கி, உள்ளே விரலை நிறுத்தினாள். விளிம்பு தொட்ட இடத்தை மறுகையால் பற்றிக்கொண்டு, அதே விரலை வெளிப்புறம் வைத்துக் காட்டினாள். வெளியே ஒரு விரற்கடை மிகுந்தது. என் கையையும் உள்ளே விடச் சொன்னாள். அடியில் வெண்கலத்தின் குளிர்ச்சி இல்லை. இறுகிப்போன அரக்கு இருந்தது. கீறினேன், கறுப்புத் துணுக்கு ஒன்று நகத்தில் ஒட்டிக்கொண்டது.

பேச்சுக் கேட்டு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அவள் குரலை உயர்த்தாமல் அவர்களிடமும் சொன்னாள். “செத்துப்போனவரப் பத்தி வாயில வந்ததச் சொல்லப்பிடாது” என்றாள் அம்மா. அப்பா நாழியைக் கையில் வாங்கினார். உள்ளே விரலை விடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “மக்கா, நீதானே தெனமும் தேய்க்கே. உள்ள என்னமாம் இருக்கா?”

பெரியப்பா மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் எனக்கென்று நெல்லிக்காய் கொண்டுவருவார். நாழி குறை என்று தெரிந்தால் அக்காளின் கல்யாணம் நின்றுவிடும் என்றும் அஞ்சினேன். கையைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு, “ஒண்ணும் இல்லப்பா” என்றேன்.

அந்தப் பெண் முந்தானையை அவிழ்த்து, அரிசியை ஒரு மணி சிந்தாமல் எங்கள் முறத்தில் கொட்டினாள். “அந்த ஒண்ணும் இல்லாததத்தான் தாயி, நாங்க வருசக்கணக்கா கஞ்சி வச்சுக் குடிச்சோம்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவளை யாரும் திரும்ப அழைக்கவில்லை.

அன்று மாலை, நாழியை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. வேறு நாழி வைக்கலாம் என்றார் அப்பா. சம்பந்தக்காரர்கள் காரணம் கேட்டால் என்ன சொல்வது என்றாள் அம்மா. “பிள்ளதான் பாத்துச் சொல்லியாச்சே, போட்டும்” என்று அம்மா பேச்சை முடித்தாள். முடிவு என் சொல்லின் மேல் நின்றது.

வீட்டு நாழியால் ஒரு நாழி நெல் அளந்து, அதையே நிறைநாழியில் இடுவது எங்கள் வழக்கம். திருமணத்தன்று அப்பா அளந்து கொட்டினார். நெல் விளிம்பைத் தொட்டது, குவிந்தது, குவியலும் நிற்காமல் சரிந்து, அடியில் விரித்திருந்த இலையெங்கும் பரவியது.

“நெறஞ்சு வழியுது பாத்தியளா, நல்ல சகுனம்” என்றார் மாப்பிள்ளையின் மாமா. அப்பாவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்ப்பார் என்று தலைகுனிந்து காத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை.

அப்பா என்னை நம்பினார், அவரை நான் ஏமாற்றினேன் என்று எண்ணியே அன்று வெட்கப்பட்டேன். விரலை விட்டு அறியக்கூடிய ஒன்றை அவர் ஏன் பத்து வயதுப் பெண்ணிடம் கேட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

திருமணத்துக்குப் பிறகு அந்த நாழி எங்கள் வீட்டில் இல்லை. அப்பா அதை என்ன செய்தார் என்பது தெரியாது. அரக்கை இட்டவர் பெரியப்பாவா, அவருக்கு முன் அந்த வேலையில் இருந்தவரா என்பதும் தெரியாது. அந்தப் பெண்ணின் கணவன் பிழைத்தானா என்பது தெரியாது. அவள் பெயரை நாங்கள் யாரும் கேட்கவில்லை.