கல்வாழையோடு கலிஃபோர்னியா எல்லையில்

போன ஜூலையில் டெக்சாஸின் ஃபிரிஸ்கோவிலிருந்து கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டுக்கு வீடு மாற்றினோம். எனக்குப் புது வேலை. என் மனைவி சுஜா போட்ட ஒரே கண்டிஷன்: அவளுடைய கல்வாழைத் தொட்டி லாரியில் ஏறக்கூடாது, எங்களோடு காரில்தான் வரணும். டெக்சாஸ் வெயிலில் அவள் நட்டதில் பிழைத்தது அது ஒன்றுதான். செம்பு நிறத்தில் அகல இலை, ஆரஞ்சுப் பூ. நாலு வருஷமாக அதோடு தினமும் பேசுவாள், என்னோடு பேசுவதைவிட அதிகமாக.

மொத்தம் சுமார் 1,800 மைல். முதல் நாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பி எல் பாசோ, பத்து மணி நேரம், ஓட்டல் 92 டாலர். இரண்டாம் நாள் ஃபீனிக்ஸ். 112 டிகிரி. சாப்பிட இறங்கினால்கூட ஒருத்தர் ஏசி போட்டுக்கொண்டு தொட்டிக்குக் காவல்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள், நண்பர் வீட்டிலிருந்து ஒரு சாண் கருவேப்பிலைக் கன்றை வாங்கி, அதே தொட்டியில் இலைகளுக்கு நடுவில் நட்டுவிட்டேன். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் கலிஃபோர்னியாவுக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது என்று தெரியும். சுஜாவிடம் கேட்டால் வேண்டாம் என்பாள். அதனால் கேட்கவில்லை. வழியில் தண்ணீர் ஊற்றும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். "என்ன திடீர்னு பாசம்?" என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பதேகால், எல்லைச் சோதனைச் சாவடி. எங்களுக்கு முன்னால் ஆறு கார். அதிகாரி அம்மா பின் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"எலுமிச்சை, கருவேப்பிலைச் செடி ஏதாவது இருக்கா?"

"நோ" என்றேன்.

சுஜா முந்திக்கொண்டாள். நாலு வருஷமாக நானே வளர்க்கிறேன், பூச்சி கிடையாது, இதில் வேறு எதுவும் இல்லை, எனக்குத் தெரியாதா என்று சத்தியம் பண்ணாத குறை. அந்தம்மா கையுறை போட்டுக்கொண்டு முதல் இலையை விலக்கினார். ஐயோ, இவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேனே என்று நானே வாயைத் திறந்தேன்.

"இருக்கு மேடம். நான்தான் வெச்சேன். அவளுக்குத் தெரியாது."

அபராதம் போடவில்லை. ஆனால் ஒரே மண் என்பதால் இரண்டு செடியையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். சுஜா தானே தொட்டியைத் தூக்கிப்போய் அங்கிருந்த மேஜையில் வைத்தாள். ஒரு இலையில் இருந்த தூசியைத் துடைத்தாள். வந்து காரில் ஏறிக்கொண்டாள். ஃப்ரீமாண்ட் வரை 570 மைல், ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செடியோடு இந்த வழியில் போகிறவர்கள், எதற்கு அனுமதி உண்டு என்று கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள். சாவடியில் கேட்டால் முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லுங்கள். கருவேப்பிலை இங்கே கடையில் கிடைக்கிறது, சாமி.

போன வாரம் நர்சரியில் அதே செம்பு இலைக் கல்வாழையைப் பார்த்தேன். 24 டாலர்.

"வாங்கட்டுமா?" என்றேன்.

"இதுக்கு மட்டும் கேக்கறீங்க" என்றாள்.