அக்காவுக்கும் ஒரு கடவுச்சொல்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர்க்காலத்தில் கொழும்பில், கொட்டாஞ்சேனையில், இணையத்தளங்களைப் பராமரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கறுப்புத் திரையில் டிஎன்எஸ் கோப்புகளைக் கையால் திருத்தத் தெரியும் என்பதுதான் என் ஒரே தகுதி. ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கோப்புகள் அவை. ஒரு புள்ளி தவறினாலும் வாடிக்கையாளரின் மின்னஞ்சல் நின்றுவிடும். அந்தப் பயத்திலேயே ஒவ்வொன்றையும் மூன்று தரம் பார்ப்பேன்.

முதலாளியை நாங்கள் சேர் என்போம். ஒரு நாள் அவர் சொன்னார், "இதையெல்லாம் பிரவுசரில செய்ய ஒரு சொஃப்ட்வெயார் சும்மா கிடைக்குதாம். எங்கட லினக்ஸ் சேர்வரில போட்டு, அக்காவுக்கும் பழக்கிவிடும்."

அக்கா எங்கள் அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்பவர். அவரே செய்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தரவுத்தளத்தை உருவாக்கி, மென்பொருளை இறக்கி, பழைய பதிவுகளை ஏற்றினேன். முதலில் வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. ஒரு கோப்புறைக்கு எழுதும் அனுமதி கொடுக்க மறந்திருந்தேன். அதைக் கொடுத்ததும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. நான் சொல்லவில்லை. சேர் கேட்கும்போதெல்லாம், "இன்னும் ஏதோ எரர் வருது சேர்" என்றேன்.

அடுத்த கிழமை வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, தமிழ் இளைஞர்களோடு என்னையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் சேர், நான் அவரிடம் வேலை செய்பவன் என்று எழுதிய கடிதத்தோடு வந்து, அங்கே போட்டிருந்த நீள வாங்கில் என் பக்கத்தில் அமர்ந்தார்.

"காலமை தொடக்கம் ஒரு கொம்பனிக்கு மெயில் இல்லை. அவங்கட மெயில் சேர்வர் மாறிட்டுது. பதிவை மாத்த ஆளில்லை."

"சேர், அந்த சொஃப்ட்வெயார் போன கிழமையே சரிவந்திட்டுது."

"தெரியும். நீர் சாப்பிடப் போன நேரம் திறந்து பார்த்தனான். பாஸ்வேர்ட் கேட்டுது, அது தெரியாமத்தான் இண்டைக்கும் நிண்டனான்."

"அக்கா பழகினா என்னை நிப்பாட்டிடுவீங்கள் எண்டு..."

"உமக்கென்ன விசரே? பொலிஸ் உம்மைப் பிடிக்கிற நாளெல்லாம் வேலை நிண்டா, நான் வேற ஆள் தேட வேண்டி வரும். அது வேண்டாம் எண்டுதான் அக்காவுக்கும் பழக்கச் சொன்னனான். இப்ப பாஸ்வேர்டைச் சொல்லும்."

"இஞ்ச வைச்சோ சேர்? எழுத்தும் இலக்கமுமா இருக்கு. பொலிஸ்காரர் கேட்டா ஏதோ ரகசியக் குறியீடு எண்டெல்லோ நினைப்பாங்கள்?"

"அப்ப காதுக்குள்ள சொல்லும்."

"அது இன்னும் மோசம் சேர்."

கடைசியில் இருமி இருமி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். சேர் வெளியே போய் அக்காவுக்குப் போன் எடுத்து, அவரைக்கொண்டே பதிவை மாற்றுவித்தார். பின்னேரம் நான் வெளியே வந்தபோது அந்தக் கொம்பனிக்கு மெயில் வரத் தொடங்கியிருந்தது.

மறுநாள் அக்காவுக்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் உருவாக்கிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து பழக்கினேன். சேரையும், அந்த மென்பொருளை எழுதிச் சும்மா கொடுத்த முகம் தெரியாதவர்களையும் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

இரண்டு மாதத்தில் மறுபடியும் பிடித்தார்கள். இம்முறை நான்கு நாள். திரும்பி வந்தபோது என் கதிரையில் வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அக்கா மூன்று பதிவுகளை மாற்றியிருந்தார், மூன்றும் சரி. தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, பதிவு மாத்தச் சொல்லி இன்னொண்டு வந்திருக்கு. இதை நீங்களே செய்யுங்கோ, எனக்குப் பயத்தில நாலு நாளா நித்திரையில்லை."