காத்திருந்த பிரபு

அறுபதுகளில் கடலூரில் என் பக்கத்து வீட்டு நர்ஸம்மா, மத்தியானங்களில் இங்கிலீஷ் காதல் நாவல் படித்து எனக்குத் தமிழில் சொல்வார். அப்படி ஒரு கதையில், பழங்காலத்துச் சீமைப் பிரபு ஒருவர், கையுறை போட்ட ஒரு பெண்ணின் விரலைத் தொடவே பாதிப் புத்தகம் காத்துக் கிடந்தார். ஆம்பிளை காத்திருப்பது எனக்குப் புதுசாக இருந்தது. என் வீட்டுக்காரர் நிக்காஹ் முடிந்த கையோடு பினாங்குக்குக் கப்பல் ஏறியவர்.

நர்ஸம்மா சிதம்பரத்துக்கு மாற்றலானதில் கதை பாதியில் நின்றது. பஸ் ஏறிப் போய்க் கேட்டேன்.

“அக்கா, அந்த ஆளு என்ன ஆனான்?”

“கல்யாணம் ஆயிடுச்சிடி. அதோட கதை முடிஞ்சிது.”

“நல்லா இருக்கே! எனக்கு அதுக்கப்புறந்தானே ஆரம்பிச்சிது?”

இருவரும் சிரித்தோம்.

“சரிடி, இருட்டறதுக்குள்ள கெளம்பு.”

“முதல்லேருந்து இன்னொருவாட்டி சொல்லுக்கா. வூட்டுல யாரு தேடப் போறாங்க?”