ஞாயிறு காலை அளவு

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஃப்ரிட்ஜின் பனியைக் கரைத்தது. அவர் பழைய துணியோடு தரையில் உட்கார்ந்து, வழிந்த தண்ணீரைத் துடைத்துப் பிழிந்தார். நான் உறைந்து ஒட்டியிருந்த டப்பாக்களைப் பெயர்த்தெடுத்தேன். மாதம் ஒருமுறை வந்து நான் சமைத்து, தேதி ஒட்டி வைத்துவிட்டுப் போனவை. பதினாறில் பதினொன்று திறக்கப்படவே இல்லை.

"ஏம்பா இதெல்லாம் சாப்பிடல?"

"தனியா உக்காந்து பீன்ஸை மென்னுக்கிட்டிருந்தா, சுவரு என்னையே பாக்குதும்மா."

"அப்போ சுகர் மட்டும் எப்படிக் கட்டுக்குள்ள இருக்கு?"

"உடம்பு உன் பேச்சைக் கேக்குது. நான்தான் கேக்கல."

சிரித்துவிட்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்பா பேருந்துப் பணிமனையில் நேரம் குறிப்பவர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று எழுதும் வேலை. ஒரு கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, பத்து மணி நேரம். அம்மா இறந்த பிறகு வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதை விட்டுவிட்டார். வண்டி திரும்பும்போதெல்லாம் ஓட்டுநர்களோடு ஒரு டீ, ஒரு கிரீம் பன். ஒரு நாளைக்கு எட்டு டீ ஆனது. இரண்டாம் வருடம் சர்க்கரை நோய். அடுத்த வருடம் ரத்த அழுத்தம்.

நான் வேறு ஊரில், அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பவள். அவருக்கும் சர்க்கரை பார்க்கும் கருவி வாங்கிக் கொடுத்தேன். ஞாயிறுதோறும் வெறும் வயிற்றில் பார்த்துப் படம் அனுப்புவார். 108. 112. 104. வரைபடம் போட்டு வைத்தேன். கோடு நேராகப் போனது. வேலையிடத்தில், அளவுகோலின் ஒரே புள்ளியில் மட்டும் சோதித்த கருவிக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். அப்பாவுக்குப் போட்டேன்.

பனி கரைத்த பத்தாம் நாள் மதியம், அந்த நாற்காலியிலேயே மாரடைப்பு.

அவருடைய சாமான்களை எடுக்கப் பணிமனைக்குப் போனேன். அவரோடு டீ குடிக்கும் பெண் நடத்துநர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சனிக்கிழமை மட்டும் அண்ணன் மதியத்துக்கு மேல ஒண்ணும் தொட மாட்டாரு. 'நாளைக்குப் பரீட்சை, பொண்ணு பேப்பர் திருத்துவா'ம்பாரு. நாங்க பன்னைக் காட்டிக் காட்டி வெறுப்பேத்துவோம். விளையாட்டுன்னுதான்மா நெனச்சோம்."

"மத்த நாள்?"

அவர் வெளியே நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"மத்த நாள் எங்களோட சாப்பிட்டாரு."

அவர் மேசை இழுப்பறையில் ஒரு மருத்துவச் சீட்டு இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை. சனிக்கிழமைப் பட்டினி அதில் செல்லாது. 'சாப்பிட்டுவிட்டே போகலாம்' என்று மருத்துவர் கீழே எழுதியிருந்தார். தேதி, ஏழு வாரத்துக்கு முந்தையது. ஆய்வகம் பணிமனை வாசலுக்கு நேர் எதிரே. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதன் பலகையைப் படிக்கலாம். அவர் போகவில்லை.