செண்டுடுக் புதருக்கு ஒரு செயற்குழு

ஈப்போவின் சிலிபின் பகுதியில் என் வீட்டின் முன்புறப் புல்தரையை நான் கைவிட்டது ஒரு தைப்பூசத்துக்கு மறுநாள். உரம் கேட்காத, ஈப்போ மழையிலேயே பிழைத்துக்கொள்ளும் உள்ளூர்ச் செடிகளை மட்டும் வைப்பதென்று முடிவு. ஊதாப் பூ பூக்கும் செண்டுடுக்கை நர்சரியில் விலை கொடுத்து வாங்கினேன். பத்து காஜா ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில், ரப்பர் மரத்தடியில், இதே செடியைப் பிடுங்கத்தான் என் அப்பாவுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

இரண்டு ஆண்டில் செடி இடுப்பைத் தாண்டியது. பட்டாம்பூச்சிகள் வந்தன. பிறகு நகர மன்றத்து நோட்டீஸ் வந்தது: புதரைப் பதினான்கு நாளில் அகற்றாவிட்டால் ஆட்கள் வந்து வெட்டுவார்கள். மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் செடியின் தாவரவியல் பெயர் இருந்தது. பதில் இல்லை.

பதின்மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, எதிர்வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். செடியடியில் ஒரு முழ உயரத்துக்குப் புற்று.

“தம்பி, புத்து இருக்கு, ஏன் சொல்லல?”

“கரையான்க்கா.”

“கரையானா? நீ உள்ள போய்ப் பாத்தியா?”

நான் பார்த்திருக்கவில்லை. மத்தியானத்துக்குள் மஞ்சள் துணி, முட்டை, பால் எல்லாம் வந்துவிட்டன.

மறுநாள் மன்றத்து மேற்பார்வையாளர் இரண்டு ஆட்களோடும் புல்வெட்டும் மெஷினோடும் இறங்கினார். மஞ்சள் துணியைக் கண்டதும் பூட்ஸைக் கழற்றினார்.

“அண்ணே, இத தொட முடியாது லா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

மெஷின் மறுபடி லாரியில் ஏறியது.

செடி தப்பியதென்று ஆறு நாள் மகிழ்ந்தேன். ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. என் கார் நிறுத்தும் இடத்தில் பதினோரு பேர் கூடினார்கள். மேற்பார்வையாளரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தார். புற்றைச் சுற்றி சிமெண்டு, அதன்மேல் டைல்ஸ், மேலே தகரக் கூரை என்று பேச்சு வளர்ந்தது. செருப்பு விட இடம் வேண்டுமாம். அதனால் செடிகளை எடுத்துவிடலாம் என்றார்கள்.

“அதுபாட்டுக்கு வளருதுக்கா. அதுக்கு ஒண்ணுமே செய்ய வேணாம்.”

“சாமிக்குச் செய்யணும்ல? மழையில நனையவா விடப்போற?”

வாக்கெடுப்பில் என் கை மட்டும் எதிராக உயர்ந்தது. “தம்பி கையெழுத்து அழகா இருக்கும்” என்று அக்கா முன்மொழிய, நான் செயலாளரானேன்.

தீர்மானப் புத்தகத்தில் நாள், கிழமை, நேரம், வந்தோர் எண்ணிக்கை எல்லாவற்றையும் பிழையின்றி எழுதினேன். அதன்கீழ், ‘புற்றுக்கு நிழல் தரும் செடியின் ஓர் இலையும் தொடப்படாதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று முடித்தேன்.

பதினோரு பேரும் படிக்காமல் கையெழுத்திட்டார்கள். அக்கா தன் பெயருக்குப் பக்கத்தில் குங்குமமும் வைத்தார்.